பழைய அலுமினியப் பீலி: கழுவினால் போதுமா, பெயின்ற் அடிக்க வேண்டுமா?

கேள்வி இதுதான். ரொறன்ரோப் பக்கம் 1980களில் கட்டிய வீடு. கூரையோரம் முழுக்க, மழைத்தண்ணீரை ஏந்தி வடிக்கும் வெள்ளை அலுமினியப் பீலி. அதன் முகத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கின்றன, தொட்டால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, இரண்டு மூட்டுகளில் ஒழுகுகிறது. கழுவினால் சரிவருமா, பெயின்ற் அடிக்கலாமா, இல்லை கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதா?

இந்த வயதுப் பீலிகளில் பெரும்பாலும் உலோகம் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது அதன் மேல் இருக்கும் பூச்சும் மூட்டுகளில் வைத்த பசையும்தான். அதனால் கழற்றும் முடிவைக் கடைசிக்கு வையுங்கள். பெயின்ற் அடிக்க நினைப்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒழுங்கான கழுவல் மட்டுமே. அடித்த பெயின்ற் இரண்டாவது குளிர்காலத்திலேயே தோல் தோலாக உரிந்தால், பெரும்பாலும் பெயின்ற்றில் பிழை இருக்காது. அந்த வெள்ளைத் தூளை முழுதாக எடுக்காமல் அதன் மேல் அடித்திருப்பார்கள்.

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது அலுமினியம் அல்ல, துத்தநாகம் பூசிய இரும்பு. அதற்குரிய பிறைமர் (பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வேறு. எண்ணெய்ப் பெயின்ற்றை நேரே துத்தநாகத்தின் மேல் அடித்தால் இரண்டும் சேர்ந்து சவர்க்காரம் போன்ற ஒரு படலமாக மாறி, பெயின்ற் பிடிவிட்டுவிடும். ஒட்டாவிட்டால் மேலே போகலாம். அடுத்து, உலர்ந்த கறுப்புத் துணியால் முகத்தை ஒரே அழுத்தமாக ஒரு சாண் தூரம் துடையுங்கள். துணியில் படியும் வெள்ளையின் அளவுதான் உங்கள் வேலையின் அளவு. மூன்றாவதாக, வாசலில் இருந்து பார்த்தால் தெரியாத ஒரு மூலையில் ஒரு அடி நீளத்தை நன்றாகக் கழுவி, காயவிட்டு, ஐந்தாறு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். நிறம் சீராக இருந்தால் கழுவலோடு நிறுத்திக்கொள்ளலாம். திட்டுத்திட்டாக வெறும் அலுமினியம் தெரிந்தால் பெயின்ற் வேண்டும்.

அந்த வெள்ளைத் தூள் எப்படி வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். தொழிற்சாலையில் அலுமினியத் தகட்டுச் சுருளின் மேல் பூச்சை இட்டுச் சூளையில் சூடேற்றி இறுக்குகிறார்கள். அந்தப் பூச்சில் நிறமிகளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். பல வருட வெயிலில், புறஊதாக் கதிர் பட்டு, மேற்பரப்புப் பிசின் சிதைந்துவிடும். பிடி இழந்த நிறமி தூளாக மேலே நிற்கும். அதன் மேல் அடிக்கும் பெயின்ற் தூளைப் பிடிக்குமே தவிர உலோகத்தையோ நல்ல பூச்சையோ பிடிக்காது. தெற்கு, மேற்குப் பக்கங்களில் தூள் அதிகமாகவும் வடக்கில் குறைவாகவும் இருக்கும். ஒரு பக்கத்தைச் சோதித்துவிட்டு வீடு முழுவதற்கும் முடிவெடுக்க வேண்டாம்.

கறுப்புக் கோடுகள் வேறு விஷயம். கூரையை மூடும் ஷிங்கிள் அட்டைகளில் இருந்து கழுவி வரும் தார்ப்பொருள், வாகனப் புகை, மகரந்தம், தூசி எல்லாம் கலந்த அழுக்கு அது. பீலியின் முன்விளிம்பில் தண்ணீர் துளித்துளியாகத் தொங்கி வழியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோடு விழும். தூளான பூச்சை அது இறுகப் பிடித்துக்கொள்வதால் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்துக்கு அசையாது. ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பது நோயைச் சொல்லும். முகம் முழுக்கச் சமமாக இருந்தால் சாதாரண வழிவுதான். ஒரு மூட்டின் அடியில் மட்டும் இருந்தால் அது ஒழுக்கு. நீளத்தின் நடுவில் கூட்டமாக இருந்தால் அந்த இடத்தில் பீலி தொய்ந்து, தண்ணீர் விளிம்பு தாண்டுகிறது. முகத்தில் இல்லாமல், பின்னால் பீலியைத் தாங்கும் பலகையில் கறை இருந்தால் தண்ணீர் பீலிக்கும் பலகைக்கும் நடுவே போகிறது. கடைசி வகையை எந்தப் பெயின்ற்றும் மறைக்காது. ஷிங்கிளின் அடியில் இருந்து பீலிக்குள் இறங்கும் தகட்டு விளிம்பு இல்லாததுதான் காரணம், அதைப் போட்டே ஆகவேண்டும். விட்டால் பலகை உக்கி, பீலியைப் பிடிக்க ஆணிக்கு இடம் இல்லாமல் போகும்.

ஆகவே வேலை தொடங்குவது உள்ளே. சருகை அள்ளி வாளியில் போடுங்கள், இறங்குகுழாய்க்குள் தள்ள வேண்டாம். ரொறன்ரோத் தெருக்களில் மேப்பிள் மரங்கள் நிறைய. அவற்றில் சில வகைகளின் இறக்கை விதைகள் வசந்தத்தின் முடிவில் கொட்டிக் குழாயின் வாயை அடைக்கும், இலைகள் ஒக்ரோபர், நவம்பரில் கொட்டும். ஜூன் நடுப்பகுதி இந்த வேலைக்கு நல்ல காலம்: அந்த விதை கொட்டி முடிந்திருக்கும், பெயின்ற் காய்வதற்கும் வெப்பம் இருக்கும். அள்ளிய பின் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். 10 அடிக்குக் கால் அங்குலச் சரிவு இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். பத்து நிமிடம் கழித்தும் ஓரிடத்தில் குளம் நின்றால் அங்கே தொய்வு.

தொய்வுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய நீள ஆணிகள். பீலியின் முகத்தைத் துளைத்து, ஒரு சிறு குழாய் வழியாகப் பின்பலகைக்குள் போகும் 7 அங்குல ஆணிகள் அந்தக் காலத்து வழக்கம். ஒவ்வொரு குளிர்காலமும் பனிக்கட்டியின் எடை அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். திரும்ப அடித்து ஏற்றினால் அடுத்த வருடம் மறுபடி வரும், துளை பெரிதாகிவிட்டதே. பீலிக்குள் மறைவாக உட்காரும், திருகாணியோடு வரும் கொளுக்கிகளைப் போடுங்கள். பனி விழும் ஊரில் 16 முதல் 18 அங்குலத்துக்கு ஒன்று. திருகாணி துருப்பிடிக்காத எஃகாகவோ நல்ல பூச்சு உள்ளதாகவோ இருக்கட்டும். செம்பு எதையும் அலுமினியத்தோடு தொடவிடாதீர்கள். ஈரத்தில் செம்பு அலுமினியத்தைத் தின்னும். செம்புத் தகட்டில் விழுந்து வரும் மழைத்தண்ணீர்கூடக் கெடுதல் செய்யும்.

மூட்டு ஒழுக்கை உள்பக்கத்தில் இருந்துதான் அடைக்க வேண்டும். பழைய பசையைப் பிளாஸ்ரிக் தகட்டால் சுரண்டி, நைலோன் தூரிகையால் தேய்த்து, மெதைல் ஹைட்ரேற் (மெதனோல் கரைப்பான்) நனைத்த துணியால் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். அது நச்சு, தீப்பற்றும். கையுறை போடுங்கள், பக்கத்தில் யாரும் புகைக்கக் கூடாது. பிறகு பியூற்றைல் அல்லது பீலிக்கென்றே விற்கும் ரைபொலிமர் பசையைப் பென்சில் தடிப்பில் இட்டு, மூட்டின் இரு பக்கமும் ஒரு அங்குலம் வரை பரப்புங்கள். குளியலறைச் சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். பலவகைச் சிலிக்கோன் இறுகும்போது வினாகிரி வாசத்தோடு அமிலம் விடும். அதைவிடப் பெரிய தொல்லை, பெயின்ற் அதன் மேல் பிடிக்காது, அடுத்தமுறை வேறு பசையும் பிடிக்காது. யாரோ முன்பே சிலிக்கோன் வைத்திருந்தால் கடைசி எச்சம் வரை எடுக்க வேண்டும். சிறு துளைகளுக்கு ஒரு துண்டு அலுமினியத் தகட்டை அதே பசையில் பதித்து உள்ளிருந்து ஒட்டலாம். ஒருநாள் விட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

மூட்டு ஏன் திறக்கிறது? அலுமினியம் சூட்டுக்கு நிறையவே நீளும். 40 அடிப் பீலி ஒன்று சைபருக்குக் கீழ் 20 பாகையில் இருந்து, வெயில் பட்ட 50 பாகை வரை போனால் நீளம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் மாறும். பசையும் பெயின்ற்றும் அந்த அசைவோடு போக வேண்டும். எண்ணெய்ப் பெயின்ற் வருடாவருடம் இறுகி நொறுங்கும் தன்மையுள்ளது. வெளியில் இருக்கும் அலுமினியத்துக்கு அக்ரிலிக்தான் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இனிக் கழுவல். ஏணி பற்றி முதலில். பீலியிலேயே ஏணியைச் சாய்த்தால் அது நசுங்கும், வழுக்கவும் செய்யும். சுவரிலோ கூரையிலோ தாங்கும் தள்ளுசட்டம் ஒன்றை ஏணியின் தலையில் பொருத்துங்கள். உயரம் நான்கு அடிக்கு அடிப்பாகம் ஒரு அடி வெளியே. வீட்டுக்கு வரும் மின்கம்பி பீலிக்குக் கிட்டத்தான் இருக்கும், அலுமினிய ஏணியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஃபைபர்கிளாஸ் ஏணியாக இருந்தாலும் கம்பியில் இருந்து 3 மீற்றர் விலகியே இருங்கள். அந்தத் துண்டை ஆள் வைத்துச் செய்வது கேவலம் அல்ல.

ஒரு வாளியில் 4 லீற்றர் இளஞ்சூட்டு நீர், அதில் பொஸ்பேற் இல்லாத, ரி.எஸ்.பி. என்ற பொஸ்பேற் கழுவுதூளுக்கு மாற்றாக விற்கும் தூள், பெட்டியில் சொன்ன அளவு. இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். மென்மையான நீளக் கைப்பிடித் தூரிகை, பாத்திரம் தேய்க்கும் ஸ்கொச் பிரைற் போன்ற நைலோன் மெத்தை. இரும்புக் கம்பளி எடுக்காதீர்கள்; அதன் துகள் பதிந்து பிறகு துருப்புள்ளியாக எழும்பும். கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் சவர்க்காரநீர் கீழே காய்ந்த அழுக்கில் கோடு வெட்டி, அந்தக் கோடு எவ்வளவு தேய்த்தாலும் நிழலாகத் தெரியும். அலசும்போது மேலிருந்து கீழ். ஒருமுறைக்கு மூன்று, நான்கு அடி போதும். வெயில் அடிக்கும் பக்கத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள், மருந்து காய்ந்தால் கறை.

கறுப்புக் கோட்டுக்கு இந்தத் தண்ணீர் போதாவிட்டால் பீலிக் கோடு நீக்கி என்று தனியாக விற்பதை வாங்குங்கள். பலவற்றில் 2-பியூட்டொக்சி எத்தனோல் என்ற கரைப்பானும் ஒரு காரமும் இருக்கும். தெளித்து, ஒரு நிமிடத்துக்குள் தூரிகையால் ஒற்றியெடுத்து, உடனே அலசுங்கள். இது கோட்டோடு சேர்த்துத் தூளையும் எடுக்கும். ஆகவே கோடு உள்ள இடத்தில் மட்டும் போட்டால் அங்கே பளபளப்பும் பக்கத்தில் மங்கலுமாக நிற்கும். மூட்டில் இருந்து மூட்டு வரை முகம் முழுவதையும் செய்யுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

சமையலறை ஓவனைக் கழுவும் மருந்து, சாக்கடை திறக்கும் காரம், செங்கல் கழுவும் அமிலம் மூன்றும் அலுமினியத்துக்கு விஷம். சோடியம் ஹைட்ரொக்சைட் உள்ள எந்தச் சூப்பர் கிளீனரும் பூச்சைக் கிழித்து உலோகத்தைக் கறுக்கச் செய்யும், பட்டியலைப் படித்து வாங்குங்கள். நிழற்பக்கத்தில் பச்சையாகவோ கறுப்புப் புள்ளியாகவோ இருந்தால் ஒரு துளி ப்ளீச் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை, வெளுக்காவிட்டால் அழுக்கு. பூஞ்சைக்கு ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், ஐந்து நிமிடம், பிறகு தாராளமாக அலசல். ப்ளீச்சோடு அமோனியாவையோ அமிலத்தையோ கலந்தால் நச்சு வாயு வரும்.

தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் பிரஷர் வொஷர் பற்றிக் கேட்பார்கள். ஏணியில் நின்று அதைப் பிடித்தால் பின்னுதைப்பில் ஆளே விழலாம். நிலத்தில் நின்று மேல்நோக்கி அடித்தால் தண்ணீர் சொஃபிற்றின் (கூரை நீட்டத்தின் அடித்தகடு) துவாரங்களுக்குள் புகுந்து கூரையடி நனையும். தூளையும் அது முழுதாக எடுப்பதில்லை, பார்வைக்கு மட்டும் சுத்தமாக்கும். கைத்தேய்ப்புக்கு ஈடில்லை.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். ரொறன்ரோ நகரம் 2011 முதல் 2016 வரை கட்டம் கட்டமாக இறங்குகுழாய்களை நிலத்தடி வடிகாலில் இருந்து பிரிக்கச் சொன்னது. ஆகவே உங்கள் குழாய் புல்லிலோ பூப்பாத்தியிலோதான் விடும். வேலைக்கு முன் செடிகளுக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து வையுங்கள், முடிந்தபின் மறுபடி ஊற்றுங்கள். தெரு வடிகாலுக்குள் விடாதீர்கள். மழைநீர் வடிகாலில் விழுவது ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது.

கழுவிக் காய்ந்தபின் மறுபடி கறுப்புத் துணி. தூள் வந்தால் மறுபடி கழுவுங்கள். மூன்று முறை ஆகலாம். இது அலுப்பான வேலை, ஆனால் இதில்தான் பெயின்ற்றின் ஆயுள் இருக்கிறது. நல்ல பிறைமர் தூளைக் கட்டிவிடும் என்று நம்பி இதைச் சுருக்க வேண்டாம். துணியில் மங்கலான சாயல் மட்டும் எஞ்சும்வரை பிறைமரைத் திறக்காதீர்கள்.

ஏற்கெனவே யாரோ அடித்த பெயின்ற் இருந்தால் இன்னொரு சோதனை. கத்தியால் சிறு பெருக்கல் குறி கீறி, அகல ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கீறலைத் தாண்டிப் பெயின்ற் நாடாவோடு வந்தால் அதன் மேல் எதை அடித்தும் பயனில்லை, பழையதை எடுத்தே ஆகவேண்டும். இங்கே ஈயத்தை நினைவில் வையுங்கள். கனடாவில் 1960க்கும் 1990க்கும் இடையில் கட்டிய வீடுகளின் வெளிப்பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம் என்று மத்திய சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. 1960க்கு முந்திய வீடு என்றால் இருப்பதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். தொழிற்சாலைப் பூச்சோடு மட்டும் இருக்கும் பீலியைவிட, கையால் அடித்த பழைய படைகளும் பின்னால் உள்ள மரப்பலகையும்தான் சந்தேகத்துக்குரியவை. சந்தேகம் இருந்தால் ஒரு சீவலைச் சோதனைக்குக் கொடுங்கள். தெரியும்வரை உலர்ந்த நிலையில் உரசாதீர்கள்.

ஒட்டியிருக்கும் பழைய படையின் ஓரங்களை 220 இலக்க மணல்தாளால் சரிவாக்குங்கள். வெறும் உலோகம் தெரியும் இடங்களை மெதைல் ஹைட்ரேற்றால் துடைத்து, அன்றே அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் அக்ரிலிக் பிடிமானப் பிறைமரை அடியுங்கள். தொழிற்சாலைப் பூச்சு முழுதாக இருந்து தூளும் போய்விட்டால் பிறைமர் இல்லாமல் அடிப்பவர்களும் உண்டு. தெற்குச் சுவரில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு படை பிறைமரின் செலவு சிறிது.

அளவு பார்ப்போம். 5 அங்குலப் பீலி செய்யும் தகட்டின் அகலம் 11.875 அங்குலம். பின்பக்கத்தைக் கழித்தால் பெயின்ற் காணும் பரப்பு சுமார் 8 அங்குலம். 150 அடிப் பீலிக்கு 100 சதுர அடி. இரண்டுக்கு மூன்று அங்குல இறங்குகுழாயின் சுற்றளவு 10 அங்குலம். பத்தடிக் குழாய் ஐந்துக்கு 42 சதுர அடி. மொத்தம் ஒரு படைக்கு 142. ஒரு கலன் 350 முதல் 400 சதுர அடி காணும், ஆகவே இரண்டு படைக்கு 3.78 லீற்றர்த் தகரம் ஒன்று போதும். பிறைமர் சிறிய தகரம் இரண்டு. வாங்க வேண்டியது வெளிப்புறத்துக்கான நூறு வீத அக்ரிலிக், சற்றின் (மெல்லிய பளபளப்பு) அல்லது அரைப் பளபளப்பு. பளபளப்பே இல்லாத மற் வகை அழுக்கைப் பிடிக்கும். கடும் நிறம் போட்டால் வெயிலில் கூடுதலாகச் சூடேறி நீள்வும் கூடும். அதே வெள்ளை வேண்டுமென்றால், கழுவிய ஒரு துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் நிறம் பொருத்துங்கள். சொஃபிற் பழைய வெள்ளையாகவும் பீலி கடை வெள்ளையாகவும் நின்றால் வாசலில் இருந்தே தெரியும்.

கழுவிய பின் ஒரு முழுநாள் விடுங்கள்; முகம் சீக்கிரம் காயும், மடித்த விளிம்பிலும் மூட்டிலும் ஈரம் ஒளிந்திருக்கும். வெப்பம் 10 முதல் 30 பாகை. நிழலைத் தொடர்ந்து போங்கள்: காலையில் மேற்கு, பிற்பகலில் கிழக்கு. சூடான தகட்டில் பெயின்ற் பிடிப்பதற்கு முன்பே தோல்கட்டும். மாலைப் பனி இறங்குவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பே நிறுத்துங்கள். இரண்டரை அங்குலச் சாய்வுத் தூரிகையால் மடிப்புகள், நான்கு அங்குலக் குட்டை மயிர் உருளையால் தட்டையான இடம். மெல்லிய இரண்டு படை, இடையில் தகரத்தில் சொன்ன நேரம், அநேகமாக நான்கு மணித்தியாலம். இறங்குகுழாயைப் பட்டைகள் கழற்றி இறக்கி, நிலத்தில் வைத்து அடித்தால் செங்கல்லில் ஒரு பொட்டும் விழாது. பீலியின் உட்புறத்துக்கு அடிக்காதீர்கள். தேங்கும் தண்ணீரிலும் பனியிலும் எந்தப் பெயின்ற்றும் நிற்காது, உரிந்த தோல் குழாயைத்தான் அடைக்கும்.

அடித்த சில நாட்களில் மழையோ பனித்துளி ஈரமோ பட்டு, மண்ணிறமாகப் பிசுபிசுத்த கோடு வழிந்தால் பதற வேண்டாம். அது பெயின்ற்றில் உள்ள நீரில் கரையும் சேர்மானங்கள் காயும் முன் வெளியே வந்தது. வெறும் தண்ணீரில் போய்விடும். முழு இறுக்கம் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை தேய்க்காதீர்கள்.

புதிதாகப் போடும் முடிவு எப்போது? மூட்டுகள் பல இடத்தில் ஒழுகினால், பலகை உக்கியிருந்தால், ஏணிகள் நசுக்கிய பள்ளத்தால் சரிவே கெட்டிருந்தால், அல்லது தகட்டில் ஊசித்துளைகள் கூட்டமாக இருந்தால். அப்போது பெயின்ற்றுக்குச் செலவழிக்காமல், மூட்டில்லாமல் வீட்டு வாசலிலேயே உருட்டித் தரும் பீலியைக் கேளுங்கள். 0.027 அங்குலத் தகடும் இருக்கிறது, 0.032ம் இருக்கிறது, பனிச்சுமைக்குத் தடித்ததே நல்லது, விலை கேட்கும்போதே எது என்று எழுதி வாங்குங்கள்.

மிஞ்சிய பெயின்ற்றைச் சிறு கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை ஊற்றி மூடி, நிறக்குறியீட்டையும் திகதியையும் ஒட்டி, நிலவறையில் வையுங்கள். கராஜில் வைத்தால் முதல் குளிரிலேயே உறைந்து திரிந்துவிடும், பிறகு ஏணி உரசிய கீறலுக்கு ஒற்ற ஒரு துளியும் இருக்காது.